இருக்கும்போதே மழித்த மீசை

எங்கள் கேசர்கட் ஊரில் ஓர் ஆண் மீசையை மழிக்க இரண்டே காரணங்கள் உண்டு. பெற்ற தகப்பன் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ராஜா செத்திருக்க வேண்டும். 1957 செப்டம்பரில் இருவரும் உயிரோடு இருந்தார்கள். நான் மழித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாரும் கழுத்தில் கத்தி வைத்துச் செய்யச் சொல்லவில்லை.

அப்பா ஜோத் சிங் அரண்மனைக் கட்டியக்காரர். ராஜா சபைக்கு வரும்போது வெள்ளித்தடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து, பட்டங்களை வரிசையாகக் கூவுவது அவர் வேலை. நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டில்தான் அந்தத் தடி இருந்தது. ராஜா ஊருக்கு ஏதாவது உத்தரவு போட்டால் அதைச் சந்தையில் நின்று சொல்வதும் நாங்கள்தான். காகிதம், முத்திரை எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை "அன்னதாதா உத்தரவு" என்று வாய் திறந்தால் அது உத்தரவு. ராஜாவை நாங்கள் அன்னதாதா என்றுதான் சொல்வோம்.

ராஜ்யம் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. அன்னதாதாவுக்கு மிஞ்சியவை அரண்மனையும், டில்லியிலிருந்து வரும் மானியமும், மூச்சிரைப்பும். பிள்ளை கிடையாது. இருந்தாலும் தசராவுக்கு ஒரு நாள் சபை கூடும். அப்பாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. வருகிற தசராவில் தடியை என் கையில் கொடுக்க அன்னதாதாவிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். தினமும் விடிந்ததும் ஏரிக்கரைக்கு என்னை இழுத்துப்போய்ப் பட்டங்களைக் கூவச் சொல்வார். நான் கொட்டாவிக்கு நடுவே கூவுவேன். "தொண்டையிலருந்து கத்தாதே. வயித்துலருந்து வரணும். அக்கரையில வண்ணான் தலை தூக்கிப் பாக்கணும்" என்பார். வண்ணான் தலை தூக்கியதே இல்லை.

ஜெய்ப்பூரில் இன்டர்மீடியட் பரீட்சை இரண்டு முறை எழுதித் தோற்றுத் திரும்பியவன் நான். ராஜ்யமில்லாத ராஜாவுக்குக் கட்டியம் கூறுவது செத்த மாட்டுக்கு மணி கட்டுவது மாதிரி என்று நண்பர்களிடம் கிண்டலடிப்பேன். ஆனால் வேறு வேலை எதுவும் கையில் இல்லை.

அப்போதுதான் ஜெர்மன்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். கதை இதுதான். ஜெர்மன் டாக்டர் ஒருவன் ஏதோ ஒரு ராஜாவின் நோயைக் குணப்படுத்த வருகிறான். ராஜாவின் தங்கை அவன்மேல் ஆசைப்படுகிறாள். அவளை அம்மனுக்குப் பலி கொடுக்கப் பூசாரிகள் திட்டம் போடுகிறார்கள். நடுவில் முதலைக் குளம் வருகிறது. எங்கள் ஏரியில் நிஜ முதலைகள் கிடந்தன. அவர்கள் ஹம்பர்க்கிலிருந்து ரப்பர் முதலை ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ராஜா வேஷம் போட்டவன் ஆறடி ஜெர்மன்காரன். முகத்தில் பழுப்பு மை, ஒட்டுமீசை, நீலக் கண்.

ஆட்களைச் சேர்த்துவிடும் வேலை எனக்குக் கிடைத்தது. ஊரில் இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்தவன் நான்தான். எனக்கு மேலே பம்பாய்ப் பார்சி சோராப், அவருக்கு மேலே டைரக்டரின் உதவியாளன் பிரிங்க்மன். முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி நாலு பேர் தேடினார்கள். ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அந்தச் சுகத்தை இப்போது மறைத்துப் பயனில்லை.

பலி காட்சிக்கு நாற்பது மொட்டைப் பூசாரிகள் வேண்டும் என்றான் பிரிங்க்மன். எங்கள் பூசாரிகளுக்குக் குடுமி உண்டு, மீசையும் உண்டு, மொட்டை கிடையாது என்றேன். புத்தகத்தில் இருக்கிறது என்றான். எந்த நாட்டுப் புத்தகமோ தெரியவில்லை. மொட்டை போலத் தெரிய ரப்பர் குல்லாய்கள் கொண்டுவந்திருந்தார்கள். வெயிலில் அரை மணி நேரம் நின்றதும் குல்லாய்க்குள் வியர்வை தேங்கி, ஒவ்வொரு தலையும் தண்ணீர்ப் பை மாதிரி குலுங்கியது. பிரிங்க்மன் குல்லாய்களைத் தரையில் வீசி மிதித்தான். நிஜ மொட்டை வேண்டும், மீசையும் கூடாது, இரட்டைக் கூலி என்றான்.

ஒருவனும் வரவில்லை. "எங்கப்பன் இன்னும் கஞ்சி குடிச்சிட்டுத்தான் இருக்கான்" என்றான் ஒருவன். அப்பன் இல்லாதவர்கள், அன்னதாதா இருக்கிறாரே என்றார்கள். மூன்று நாள் அலைந்தேன். நாலாம் நாள் சோராப் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உன்னால முடியலன்னா சொல்லிடு. நான் அகமதாபாத்லருந்து லாரியில ஏத்திட்டு வந்துக்கறேன். ஆனா அப்புறம் நீ வேண்டாம். அங்க ஆள் பிடிச்சுத் தர்றவனே மொத்தத்தையும் பாத்துப்பான்."

பிரிங்க்மன் பக்கத்தில் நின்றிருந்தான். தலைமைப் பூசாரிக்கு வலப்பக்கம் நிற்பவன் முகம் கேமராவில் பெரிதாகத் தெரியும் என்றான். என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, நல்ல முகம் என்றான். சந்தையில் மாட்டைப் பார்ப்பவன் அப்படித்தான் பிடிப்பான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் அன்னதாதா ஊரில் இல்லை. பதினைந்து மைலுக்கு அப்பால் குலதெய்வக் கோயிலில் மூச்சிரைப்புக்காக நேர்ந்துகொண்டு தங்கியிருந்தார். அப்பாவும் கூடப் போயிருந்தார். நான் நேராக நாவிதர் கேமாவிடம் போய் உட்கார்ந்தேன். மொட்டை, மீசையோடு என்றேன். கேமா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஜோத் சிங்ஜி போயிட்டாரா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்காரு."

"பின்ன எனக்கு எதுக்குப் பாவத்த ஏத்துற, நாஹர்? எழுந்திரு."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துச் சொன்னேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியவில்லை.

"அன்னதாதா உத்தரவு" என்றேன். "படத்துக்கு நாற்பது பேர் மழிக்கணும்னு."

வயிற்றிலிருந்து வந்தது. அப்பா ஏரிக்கரையில் கேட்ட அதே குரல். அன்றுதான் முதல் தடவையாகச் சரியாக வந்தது.

கேமா கைகூப்பிவிட்டுக் கத்தியை எடுத்தார். எனக்குப் பின்னால் கடையில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் நாற்பது சேர்ந்துவிட்டது. பாதிப்பேர் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மழித்து முடித்து மேலுதட்டைத் தடவிப் பார்த்தபோது விரல் எதையோ தேடி ஏமாந்தது. சினிமாவில் வரப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாள் பலி காட்சி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. கிராமத்து ஆட்கள் ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. அண்டை வீட்டுப் பெண் என்னைப் பார்த்து அழ ஆரம்பித்ததும் சாமான் கிடங்கிலேயே ரப்பர் முதலைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

கிராமங்களில் நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னவர் வர்தா படேல், பானேரா ஊர்ப் பெரியவர். அவர் ஊரிலிருந்து வந்த ஆறு பேர் மொட்டையோடு திரும்பியிருக்கிறார்கள். என்னடா என்று கேட்டதற்கு, சினிமா என்றிருக்கிறார்கள். சினிமாவுக்கு மழிக்கச் சொன்னது யார் என்றால், அன்னதாதா உத்தரவு, கட்டியக்காரர் வீட்டு வாயால் வந்தது என்றிருக்கிறார்கள். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். எந்த ராஜாவாவது தான் உயிரோடிருக்கும்போது குடிகளை மழிக்கச் சொல்வாரா? அன்னதாதாவை ஒரு வாரமாக யாரும் பார்க்கவில்லை. பிள்ளையில்லாத ராஜா செத்தால் சுவீகாரம் முடியும்வரை அரண்மனை சாவை மறைக்கும். முந்தைய ராஜாவுக்கும் அப்படித்தான் நான்கு நாள் மறைத்தார்கள். ஆக, போய்விட்டார். வெளியே சொல்ல முடியாததால் சினிமா என்று சொல்லி உத்தரவு மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். குறிப்பறிந்து நடப்பதுதான் நல்ல குடிகளுக்கு அழகு.

இதில் பிழை எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொய் ஒன்றுதான், அது என்னுடையது. மற்றதெல்லாம் சரியான கணக்கு.

திங்கட்கிழமை காலை பானேராவும் பக்கத்து இரண்டு கிராமங்களும் மழித்தன. மதியம் முந்நூறு பேர் செருப்பில்லாமல், தலைப்பாகை இல்லாமல் மலையிறங்கி வந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கடைவீதி கதவுகளைச் சாத்தியது.

நாங்கள் அப்போது முன் முற்றத்தில் படப்பிடிப்பில் இருந்தோம். சிம்மாசனத்தில் ஒட்டுமீசைக்காரன் உட்கார்ந்திருந்தான். எதிரே நாங்கள் நாற்பது மொட்டைகள் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரிய கதவு திறந்தது. முந்நூறு பேரும் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் எழுபது வயது வர்தா படேல். மழித்த தலையில் இரண்டு இடத்தில் ரத்தக் கீறல், அவசரத்தில் மழித்தது. அவர் பார்த்தது என்ன? சிம்மாசனத்தில் புது முகம். எதிரே துக்கத்துக்கு மழித்தவர்கள் புது ராஜாவைப் பணிகிறார்கள். சிம்மாசனம் ஒரு நாழிகைகூடக் காலியாக இருக்கக்கூடாது, புது ராஜா மட்டும் மழிக்கக்கூடாது. எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

அவர் மடியிலிருந்து துணியை எடுத்தார். அதை மடித்து உள்ளங்கையில் விரித்து, மேலே ஒரு வெள்ளி ரூபாயை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, அழுதுகொண்டே சிம்மாசனத்தின் முன் மண்டியிட்டார். புது ராஜாவுக்கு முதல் காணிக்கை. அவர் பின்னால் முந்நூறு பேரும் மண்டியிட்டார்கள்.

ஒட்டுமீசைக்காரன் பிரிங்க்மனைப் பார்த்தான். எடுத்துக்கொள் என்று பிரிங்க்மன் சைகை காட்டினான். கேமராக்காரனிடம் நிறுத்தாதே, நிறுத்தாதே என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஒட்டுமீசைக்காரன் நாணயத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டான்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தேன், இரண்டு முழ தூரம். நெற்றியைக் கல்லில் இன்னும் அழுத்திக்கொண்டேன். அதுதான் நான் செய்தது.

அன்னதாதா அன்று காலையே படகில் ஏரிப் பக்க வாசல் வழியாகத் திரும்பியிருந்தார். எனக்கு அது தெரியாது. ஒப்பாரிச் சத்தம் கேட்டு அப்பா உள் வாசல் வழியாக வெளியே வந்தார். கையில் வெள்ளித்தடி. படிக்கட்டின் மேல் நின்று முற்றத்தைப் பார்த்தார். மழித்த தலைகள், அழுகிற குடிகள், அரியணையில் மை பூசிய வெள்ளைக்காரன். சற்று முன்புதான் அவர் அன்னதாதாவுக்கு மருந்து கலந்து கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

தடியை மூன்று முறை கல்லில் இடித்தார். பிறகு கூவினார். சூரிய குலத்திலிருந்து தொடங்கி, எல்லாப் பட்டங்களும், கோட்டைகளின் பெயர்களும், கடைசியில் அன்னதாதாவின் பெயரும். அவர் வாழ்க வாழ்க என்று மூன்று தரம். ஒலிப்பதிவுக்காரன் காதிலிருந்து கருவியைப் பிடுங்கி எறிந்தான். தூணில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. செத்தவருக்கு யாரும் கட்டியம் கூற மாட்டார்கள். முந்நூறு பேரும் அதைப் புரிந்துகொள்ள ஒரு மூச்சு நேரம் ஆனது. அழுகை அப்படியே நின்றது.

மேலே மாடத்தில் அன்னதாதா வந்து நின்றார். தோளில் சால்வை, இருமல்.

"இத்தனை பேரு மழிச்சிருக்காங்களே, யாரு போட்ட உத்தரவு, ஜோத் சிங்?"

அப்பா கீழே பார்த்தார். வர்தா படேல் மண்டியிட்டபடியே கையை நீட்டி என்னைக் காட்டினார். கோபமாகக் காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். "கட்டியக்காரர் வீட்டுப் பிள்ளைதான் சொன்னாரு. அன்னதாதா உத்தரவுன்னு."

நான் தலையைத் தூக்கினேன். அப்பா என் தலையைப் பார்த்தார். பிறகு மேலுதட்டைப் பார்த்தார். அங்கேயே பார்வை நின்றது. அவர் கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் வீட்டு வாய், அன்னதாதா" என்றார். "என் வாய்."

அன்னதாதா கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சிரித்தார். "நான் போனா எத்தனை பேரு வருவாங்கன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. தீந்துது. தூரத்துலருந்து நடந்து வந்திருக்காங்க, சாப்பாடு போடுங்க. லாப்ஸி கிண்டுங்க." லாப்ஸி எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கிண்டுகிற கோதுமை இனிப்பு.

அவர் மன்னித்துவிட்டார். அதனால் எதுவும் மாறவில்லை. அப்பா வெள்ளித்தடியைப் படியில் படுக்க வைத்தார். அதுவரை அந்தத் தடி படுத்து யாரும் பார்த்ததில்லை, வீட்டில்கூட மாட்டி நிற்கத்தான் வைப்போம். படியிறங்கி என்னைத் தாண்டி நடந்து போனார். முழங்கால் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனார். பிரிங்க்மன் மிகவும் நன்றாக இருந்தது என்று சோராப்பிடம் சொல்லி, அந்தக் கிழவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு கோணத்தில் எடுக்கலாமா என்று கேட்டான். சோராப் என்னைப் பார்த்துவிட்டு, முடியாது என்றார்.

வீட்டில் அப்பா என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். அம்மா மட்டும் ஒரு தடவை, "தாலி அறுக்காத விதவையா என்னை ஆக்கிட்டியேடா" என்றாள். எங்கள் பெண்கள் புருஷன் இருக்கும்வரை கையில் போடும் தந்த வளையல்களை அவள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழித்து எட்டாம் நாள் அப்பா ஆள் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் காலையில் பங்காளிகள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தகப்பன் செத்த பன்னிரண்டாம் நாள் பங்காளிகள் கூடி மகனுக்குத் தலைப்பாகை கட்டுவது எங்கள் வழக்கம். அன்றிலிருந்து வீடு அவனுடையது. அப்பா கூடத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தார். தன் காவித் தலைப்பாகைத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தார்.

"பையன் மழிச்சுப் பன்னெண்டு நாள் ஆச்சு" என்றார் பங்காளிகளிடம். "பாதியில விட்டா தோஷம். கட்டிடுங்க."

பெரியப்பா தக்கத் சிங், ஜோத் சிங் இது கேலியா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். வேண்டாமென்று வற்புறுத்தினார்கள், திட்டினார்கள், ஒருவர் எழுந்து போய்விட்டார். நான் அப்பாவின் காலைப் பிடித்தேன். அவர் காலை இழுக்கவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. யாரும் கட்ட முன்வராததால் அவரே கட்டினார். மொட்டைத் தலையில் துணி நிற்காமல் வழுக்கியது. இரண்டு தரம் அவிழ்ந்தது. மூன்றாவது தரம் கட்டையான என் முடியில் எச்சில் விரலால் தடவி இறுக்கிக் கட்டினார். பிறகு கொத்துச் சாவியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"வீட்டப் பாத்துக்கோங்க, ஹுகம்" என்றார்.

ஹுகம் என்பது நாங்கள் எஜமானர்களுக்கும் பெரியவர்களுக்கும் சொல்வது. அதற்குப் பிறகு என்னை அவர் வேறு பெயரில் கூப்பிடவே இல்லை.

தசராவுக்குத் தக்கத் சிங்கின் மகன் தடி பிடித்தான். அவனுக்குக் குரல் கிடையாது. அப்பா அரண்மனைப் பக்கம் போகவில்லை, கல்யாணம் காட்சிக்கும் போகவில்லை. செத்தவன் எப்படிப் போவது என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அன்னதாதா இரண்டு முறை கார் அனுப்பினார். வந்த காரை வணங்கித் திருப்பி அனுப்பினார். மூன்றாம் மாதம் நான் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அகமதாபாத் போனேன். துணி மில்லில் இரவு ஷிப்ட் கிடைத்தது. பகலில் தூங்குகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

படத்தை அங்கேதான் பார்த்தேன், ஒரு மதியக் காட்சியில். பலி காட்சியில் நாற்பது தலைகளும் பின்னாலிருந்து தெரிந்தன. என் முகம் எங்கும் இல்லை. வர்தா படேல் மட்டும் முழுதாக வந்தார், அழுதுகொண்டு, நாணயத்தோடு. கொட்டகையில் சிலர் அந்தக் கிழவர் நன்றாக நடிக்கிறார் என்றார்கள்.

அப்பா 1966-இல் போனார். தந்தி எனக்கு இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தது. நான் பஸ்ஸில் வந்து இறங்கியபோது எரித்து முடித்திருந்தார்கள். தீ வைத்தது தக்கத் சிங்கின் மகன். வீட்டுக்கு நாவிதரை வரவழைத்துப் பங்காளிகள் பார்க்க மழிப்பதுதான் முறை. அவர்கள் முன்னால் உட்கார எனக்குத் துணிவில்லை. பஸ் நிலையத்தில் புதிதாக ஒரு சலூன் இருந்தது. அங்கே போய், மொட்டை, மீசையோடு என்றேன்.

சலூன்காரன் வெளியூர்க்காரன். என்னைத் தெரியாது. சுவரில் நடிகைகளின் காலண்டர். அந்த மாதம் ஊரில் பம்பாய்க் கம்பெனி ஒன்று அரண்மனையில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவன் சிப்பாய் வேஷத்துக்குக் கிருதா வைத்துக்கொண்டிருந்தான்.

சலூன்காரன் என் தலையில் தண்ணீரைத் தெளித்து, கத்தியைத் தோல்வாரில் தீட்டினான். மீசைக்குக் கத்தியைக் கொண்டுவந்தவன் நிறுத்தி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"நல்ல மீசை" என்றான். "எவ்வளவு தர்றான் கம்பெனிக்காரன்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் மழித்தான்.